பத்திரத்தில் பாதை இருக்கு... தரையில் இருக்கா? வரப்புகள் வீட்டுமனையாகும் ஊர்களில் வழித் தகராறைத் தீர்ப்பது எப்படி?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். மேற்கே மலை, அதன் அடியில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். இடையிடையே வெள்ளை அடித்த கற்கள், கலர் கொடிகள், 'மனைகள் விற்பனைக்கு' போர்டு. வன்னியம்பட்டி சுற்றுவட்டாரமும் இதற்கு விலக்கல்ல. திருமங்கலம் – ராஜபாளையம் நான்கு வழிச் சாலைத் திட்டம் வந்தபிறகு, இந்தப் பகுதியில் நிலம் என்றாலே பேச்சு ஏக்கரில் ஆரம்பித்து சென்ட்டில் முடிகிறது.

நிலம் சென்ட் கணக்குக்கு வந்ததும் கூடவே வருவது பாதைத் தகராறு. அந்தக் காலத்தில் வரப்பை அரை அடி வெட்டிவிட்டான் என்று அடித்துக்கொண்டார்கள். இப்போது, "என் தோட்டத்து வழியா உன் ஜல்லி லாரி எப்படிப் போகும்?" என்று சண்டை. ஒரு பக்கம், வங்கிக்கடன் போட்டு மனை வாங்கி, போர் போடும் லாரியை உள்ளே கொண்டுபோக முடியாமல் நிற்கும் இளைஞர். இன்னொரு பக்கம், மாட்டுவண்டி போகட்டும் என்று தாத்தா விட்ட தடத்தில் பத்து வீட்டு கார்கள் ஓடுவதைப் பார்த்துப் பயப்படும் தோட்டக்காரர்.

இருவரில் யார் வில்லன்? பெரும்பாலும் யாரும் இல்லை. பாதை என்ற ஒன்றை எழுத்தில் வைக்காமல் வாய்ப்பேச்சில் விட்டதுதான் வில்லன். அதை எழுத்துக்குக் கொண்டுவருவதுதான் தீர்வு என்பது இந்தக் கட்டுரையின் வாதம். கோர்ட் கடைசி வழியாக இருக்கட்டும். முதலில் சட்டம் யாருக்கு என்ன தருகிறது என்று பார்த்துவிடுவோம்.

பிரச்சினை எங்கே ஆரம்பிக்குது?

9.9.2016 தமிழ்நாட்டு ரியல் எஸ்டேட்டில் மறக்க முடியாத தேதி. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று, தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தலைமையிலான சென்னை உயர் நீதிமன்ற அமர்வு அன்று உத்தரவிட்டது. விளைநிலங்கள் கண்மூடித்தனமாக மனைகளாவதைத் தடுக்கக் கேட்ட பொதுநல வழக்கு அது. அடுத்து, பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 20.10.2016 முதல் அமலுக்கு வந்தது. 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகளை அரசு கொண்டுவந்தது. 20.10.2016-க்கு முன் போடப்பட்ட அங்கீகாரமற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை பெறும் வழி திறந்தது.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொண்ட ஒரு விஷயம் உண்டு. வரன்முறை ஆணை என்பது உங்களுக்கும் அரசுக்கும் இடையிலான விவகாரம். "இந்த மனையில் கட்டடம் கட்ட அனுமதி கேட்கலாம்" என்றுதான் அது சொல்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் நிலத்தின் மேல் உங்களுக்கு வழியுரிமையை அது உருவாக்கித் தராது. கையில் வரன்முறை ஆணை இருக்கும், வாசலுக்குப் போக வழி இருக்காது. இப்படிச் சிக்குவது நடக்கக்கூடியதுதான்.

முறையாக அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதன்பிறகு அது பொதுச் சாலை. சண்டை வருவதெல்லாம் அண்ணன் தம்பி பாகம் பிரித்து, அதில் ஒரு துண்டை விற்று, வாங்கியவர் அதை மீண்டும் நாலாக உடைத்து விற்ற இடங்களில்தான்.

நாலு வகைப் பாதை... உங்களது எது?

"பாதை இருக்கு சார்" என்று புரோக்கர் சொன்னால், "எந்தப் பாதை?" என்று திருப்பிக் கேளுங்கள். தரையில் எல்லாம் ஒரே மண் தடமாகத்தான் தெரியும். ஆனால் சட்டத்தில் நாலும் நாலு விதம்.

முதலாவது, அரசுப் பாதை. கிராம 'ஏ' பதிவேட்டில் 'வண்டிப்பாதை புறம்போக்கு' என்றோ 'பாதை' என்றோ இருக்கும். புல வரைபடத்தில், அதாவது எஃப்.எம்.பி.யில், கோடு போட்டுக் காட்டியிருக்கும். இதை யாரும் அடைக்க முடியாது. அடைத்தால் 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி தாசில்தார் அகற்றலாம். ஆனால் ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்றால் கதையே வேறு. அது தண்ணீருக்கான இடம். வாய்க்காலை மண் போட்டு மூடி, 'இதுதான் பாதை' என்று காட்டி விற்கும் மனையை வாங்கினால் நாளைக்கு நீங்கள்தான் ஆக்கிரமிப்பாளர்.

இரண்டாவது, பத்திரத்தில் எழுதிக் கொடுத்த பாதை. நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் 'மாமூல் நடைபாதை பாத்தியம்', 'வண்டி வாகனம் போக வரப் பாத்தியம்' என்ற வார்த்தைகளைப் பார்க்கலாம். நிலம் ஒருவருடையது, அதன் வழியே போகும் உரிமை இன்னொருவருடையது. இதைத்தான் சட்டம் ஈஸ்மென்ட் என்கிறது. தனிநபர்களுக்குள் இருப்பதிலேயே பலமான உரிமை இதுதான்.

மூன்றாவது, அவசியத்தால் வரும் பாதை. ஒரே நிலமாக இருந்தது இரண்டாகப் பிரிந்து, பின்பக்கத் துண்டுக்கு வேறு வழியே இல்லாமல் போனால், முன்பக்கத் துண்டின் வழியே போக உரிமை உண்டு. 1882-ம் ஆண்டு இந்திய ஈஸ்மென்ட் சட்டத்தின் 13-வது பிரிவு இது. இங்கே நன்றாகக் கவனிக்க வேண்டியது, இந்த உரிமை உங்களுக்கு விற்றவரின் மீதி நிலத்தின் மேலோ, பாகம் பிரிந்த பங்காளி நிலத்தின் மேலோதான் வரும். என்றைக்குமே உங்கள் நிலத்தோடு சேர்ந்திராத மூன்றாம் மனிதரின் தோட்டத்தைக் காட்டி, "எனக்கு வேற வழியில்ல, அதனால விடணும்" என்று கேட்க முடியாது. பாதைத் தகராறில் மாட்டுகிற பலர் சறுக்கும் இடம் இதுதான்.

நான்காவது, நெடுங்கால அனுபவத்தால் வரும் பாதை. 20 வருஷம், வெளிப்படையாக, தகராறில்லாமல், இடைவிடாமல், 'என் உரிமை' என்ற முறையில் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்கிறது 15-வது பிரிவு. அரசு நிலம் என்றால் 30 வருஷம். "பல வருஷமா போய்ட்டு வர்றோம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது, 20 வருஷத்துக்கு மேல் என்று திட்டவட்டமாகச் சொல்லி நிரூபிக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. வேறு பாதை இருக்கும்போது 'அவசியம்' என்ற வாதம் நிற்காது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

இரண்டாவது வகைக்கும் மூன்றாவது வகைக்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் பணத்தில் பெரியது. அவசியத்தால் வந்த பாதை, அவசியம் தீர்ந்ததும் முடிந்துவிடும். பின்பக்கம் புதிதாக ஒரு சாலை வந்துவிட்டால் பழைய வழியை மூடலாம். பத்திரத்தில் கொடுத்த பாதை அப்படி மறையாது. தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு பாதை வழக்கில் 2006-ல் உறுதியான கொள்கை இது. அதனால் பத்திரத்தில் எழுதப்படும் ஒரு வரிக்கு, பல வருஷ வழக்கைவிட மதிப்பு அதிகம்.

தோட்டக்காரர் பக்கமும் நியாயம் இருக்கு

மனை வாங்கியவர்கள்தான் சோஷியல் மீடியாவில் பேசுகிறார்கள். தோட்டக்காரர் குரல் அங்கே கேட்பதில்லை. அதனால் அவருடைய பயத்தை இங்கே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். தார்ச்சாலையை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு. அதன் ஓரமாக 8 அடி அகலம், 150 அடி நீளத்துக்கு ஒரு வண்டித்தடம். பின்னால் இருக்கும் 50 சென்ட் புஞ்சைக்கு அந்தத் தடம்தான் வழி. வருஷத்தில் நாலு தடவை உழவு, அறுப்பு என்று வண்டி போகும். தினம் இரண்டு பேர் நடப்பார்கள். தோப்புக்காரருக்கு அது ஒரு சுமையே இல்லை.

இப்போது அந்த 50 சென்ட், ஆளுக்கு 4 சென்ட் வீதம் பத்து மனையாகிறது. பத்து வீடு, பத்து கார், இருபது டூவீலர். தண்ணீர் லாரி, கேஸ் வண்டி, ஸ்கூல் வேன். தென்னைக்குப் பாய்ச்சுகிற வாய்க்கால் உடைகிறது. மட்டை விழுந்தால் கார் கண்ணாடிக்கு யார் பொறுப்பு என்ற சண்டை. "இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுங்க அண்ணாச்சி" என்று ஆரம்பித்து, ஒருநாள் இரவோடு இரவாக ஜேசிபி வந்து தடத்தை 12 அடியாக்கிவிட்டுப் போகிறது.

தோப்புக்காரர் கோபப்படுவது நியாயம் என்கிறது சட்டமும். ஒரு வகைப் பாதை உரிமை, வேறு வகை உரிமையை உள்ளடக்காது. நடைபாதை உரிமை இருப்பவர் வண்டிப்பாதை உரிமை கேட்க முடியாது என்பது 28-வது பிரிவு. தன் நிலத்தில் மாற்றம் செய்துகொண்டு, அதைக் காட்டி பக்கத்து நிலத்தின் மேல் உள்ள சுமையைக் கணிசமாகக் கூட்ட முடியாது என்பது 29. நிலம் பல பங்காக உடைந்தால் ஒவ்வொரு பங்குக்கும் பாதை உரிமை உண்டு, ஆனால் மொத்தச் சுமை பெரிதாகக் கூடக் கூடாது என்பது 30. ஆக, ஒரு குடும்பத்துக்காக இருந்த வண்டித்தடம் பத்து வீட்டுக்கான தெருவாகத் தானாக மாறிவிடாது.

தோப்புக்காரரின் இன்னொரு பயம் அந்த 20 வருஷக் கணக்கு. "சும்மா விட்டா நாளைக்கு உரிமைன்னு கேட்பாங்க" என்று யாராவது காதில் போட்டுவிடுவார்கள். அதுவரை பெருந்தன்மையாக இருந்தவர் 18-வது வருஷம் திடீரென்று முள்வேலி போடுகிறார். பார்க்கிறவர்களுக்கு அது வஞ்சகமாகத் தெரியும். அவருக்கோ அது தற்காப்பு.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. அனுமதியின் பேரில் நடந்தால் அது உரிமையாக முதிராது. "என் அனுமதியின் பேரில் இன்னார் இந்த வழியைப் பயன்படுத்துகிறார்" என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டால், தோப்புக்காரருக்கு நிலம் போய்விடும் என்ற பயம் இல்லை, பின்னால் இருப்பவருக்குத் திடீர் வேலி பயம் குறைவு. நம் ஊரில் இதைச் செய்யாததற்குக் காரணம் கூச்சம். "சொந்தக்காரன்கிட்ட எழுதி வாங்குறதா?" என்ற கூச்சம்தான் பின்னால் கோர்ட் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

மனை வாங்கியவர் பக்கம்?

அவருக்கும் நியாயம் உண்டு. ஆனால் அவர் சண்டை போடுவது பல நேரம் தவறான ஆளோடு. "20 அடி பாதை" என்று நோட்டீஸில் போட்டு விற்றவர் கமிஷனோடு போய்விட்டார். எஞ்சி நிற்பவர் பக்கத்துத் தோப்புக்காரர். கோபம் அவர் மேல் திரும்புகிறது.

முதல் கேள்வியை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். மொத்தப் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைத் திட்டங்கள் பொதுவாக ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும். விளம்பரத்தில் பொய்யான தகவலை நம்பிப் பணம் போட்டவருக்கு இழப்பீடு கேட்க 2016-ம் ஆண்டு ரெரா சட்டத்தின் 12-வது பிரிவில் வழியிருக்கிறது. நோட்டீஸ், வாட்ஸ்அப் மெசேஜ், பணம் அனுப்பிய ரசீது எதையும் டெலிட் செய்யாமல் வையுங்கள்.

அதே சமயம், பத்திரத்தில் தெளிவான வழியுரிமை இருந்தும், பணம் பிடுங்குவதற்காகவே வேலி போடுகிற ஆட்களும் இல்லாமல் இல்லை. அங்கே தயங்க வேண்டாம். சிவில் கோர்ட்டில் தடை உத்தரவு கேட்கலாம். போட்ட வேலியை எடுக்கச் சொல்லும் உத்தரவும் கேட்கலாம்.

பாதை மறுப்புக்குப் பின்னால் சாதி இருந்தால் இந்தக் கட்டுரையின் சமரசப் பேச்சு எதுவும் அதற்குப் பொருந்தாது. பட்டியலினத்தவர், பழங்குடியினர் பொது இடத்துக்குப் போகும் வழக்கமான வழியை மறுப்பது 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதில் பேரத்துக்கு இடமில்லை.

தகராறு வந்தாச்சு... எந்த வரிசையில் போவது?

பலர் முதலில் போவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. அங்கே கிடைக்கும் பதில், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க." அடிதடி, மிரட்டல் இருந்தால் போலீஸிடம் போகத்தான் வேண்டும். பாதை யாருக்கு என்று தீர்மானிக்கும் அதிகாரம் போலீஸுக்கு இல்லை. தனியார் பட்டா நிலத்தில் புதிதாக வழியுரிமை உருவாக்கித் தரும் அதிகாரம் தாசில்தாருக்கும் இல்லை. பட்டாவைப் பார்த்தால் நிலம் யார் பெயரில் என்று தெரியும், அதன் வழியே நடக்கும் உரிமை யாருக்கு என்று பொதுவாகத் தெரியாது. எனவே நான் சொல்லும் வரிசை இது.

முதலில் காகிதம். உங்கள் பத்திரம் மட்டும் போதாது. தாய்ப்பத்திரத்தையும் பக்கத்து நிலத்துக்காரரின் பத்திரத்தையும் பாருங்கள். நான்கு எல்லை விவரத்தில் 'இதற்கு மேற்கே பொதுப்பாதை' என்று அவருடைய பத்திரத்திலேயே இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. வில்லங்கச் சான்று, 'ஏ' பதிவேடு, புல வரைபடம் எல்லாம் இப்போது மொபைலிலேயே பார்க்க முடிகிறது. பழைய பத்திர நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு வாங்கலாம்.

அடுத்து அளவை. எல்லைக்கல் எங்கே என்று தெரியாமல் பேசினால் பேச்சு முடியாது. கட்டணம் கட்டி நில அளவைக்கு விண்ணப்பித்து, இரு தரப்பையும் வைத்துக்கொண்டு அளக்கச் சொல்லுங்கள். ஒருவரை மட்டும் வைத்து அளந்த அளவையை மற்றவர் ஒருநாளும் ஏற்கமாட்டார்.

மூன்றாவது பேச்சு. ஊர்ப் பெரியவர்களோ, இருவருக்கும் பழக்கமானவரோ உட்காரட்டும். ஆனால் முடிவை வெறும் வாய்ப்பேச்சாக விடாதீர்கள். பேச்சு நடக்காவிட்டால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குப் போடும் முன்பே மனு கொடுக்கலாம். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பது விருதுநகரில் அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூரில். வன்னியம்பட்டிக்காரர்களுக்கு அது பக்கத்திலேயே. மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசத்துக்கு சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குள்ள அதே பலம் உண்டு. அதன் மேல் அப்பீல் கிடையாது. கோர்ட்டில் நிலுவையில் உள்ள வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வரும். பெண்கள், பட்டியலின, பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவியும் உண்டு.

நான்காவது, அவசர நிலை. நேற்று வரை நடந்த பாதையை இன்று அடைத்து, அடிதடி வரும் சூழல் என்றால், நிர்வாக நடுவரிடம், அதாவது நம் நடைமுறையில் கோட்டாட்சியரிடம் போகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 166-வது பிரிவு இதற்கானது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 147. இதில் ஒரு கெடு இருக்கிறது. வருஷம் முழுக்கப் பயன்படும் பாதை என்றால், புகார் போவதற்கு முந்தைய 3 மாதத்துக்குள் நீங்கள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். "ஊர்த் திருவிழா முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் இந்தக் கதவு மூடிவிடும். அடைபட்டது பொதுப்பாதை என்றால் 152-வது பிரிவு.

கடைசியாக சிவில் வழக்கு. தேவைப்பட்டால் வழக்கறிஞர் ஆணையர் நேரில் வந்து பார்த்து வரைபடத்தோடு அறிக்கை தருவார். அதற்கு முன்பே தேதியோடு போட்டோ, வீடியோ எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

ஒரு சின்னக் கணக்கு

மறுபடி அந்தத் தென்னந்தோப்பு உதாரணத்துக்கு வருவோம். 8 அடித் தடத்தை 20 அடியாக்க வேண்டும். கூடுதலாகத் தேவை 12 அடி அகலம், 150 அடி நீளம். 1,800 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்றால் இது 4 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். பத்து மனைக்காரர்கள் பிரித்தால் ஆளுக்கு 180 சதுர அடி. அரை சென்ட்கூட இல்லை.

அரை சென்ட்டுக்கும் குறைவான நிலத்தின் விலையை ஒவ்வொருவரும் போட்டால், சட்டப்படி, சண்டையில்லாமல், 20 அடி சாலை கிடைக்கும். தோப்புக்காரர் கொஞ்சம் கூடுதல் விலை கேட்டாலும் கொடுக்கலாம். அவருடைய தென்னை போகிறது, நிம்மதியும் கொஞ்சம் போகிறது. அதற்கும் ஒரு விலை உண்டுதானே? வழக்கு நடக்கும் காலம் முழுக்கக் கட்டும் வீட்டு வாடகை, கடன் வட்டி, வக்கீல் ஃபீஸ் எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

"சட்டப்படி எனக்கு வர்ற பாதைக்கு நான் ஏன் காசு கொடுக்கணும்?" என்று கேட்கலாம். பத்திரத்தில் இருக்கும் அகலத்துக்குக் கொடுக்க வேண்டாம். கூடுதல் அகலத்துக்குக் கொடுப்பதுதான் முறை. ஜெர்மனியின் சிவில் சட்டம், 917-வது பிரிவில், வழியில்லாத நிலத்துக்காரருக்குப் பக்கத்து நிலம் வழியே போகும் உரிமையையும் கொடுத்து, அதற்கு நிலத்துக்காரருக்குப் பணம் தரவும் சொல்கிறது. நம் 1882 சட்டத்தின் 13-வது பிரிவில் இழப்பீடு பற்றிய பேச்சே இல்லை. சட்டத்தில் இல்லாததை ஒப்பந்தத்தில் நாமே வைத்துக்கொள்வதற்கு யார் தடை?

எழுதும்போது என்ன எழுதணும்?

"பொதுப்பாதையில் போக வரப் பாத்தியம்" என்ற ஒற்றை வரியால்தான் இத்தனை சண்டையும். ஒப்பந்தம் போடும்போது இவை இருக்கட்டும்.

• பாதையின் நீள, அகலம், சர்வே எண், உட்பிரிவு எண். கூடவே அளவையர் வரைந்த வரைபடம்.

• நடக்க மட்டுமா, டூவீலரா, காரா, லாரியுமா? கட்டுமானக் காலத்துக்கு மட்டும் லாரி என்றால் அதையும்.

• தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின் கேபிள் பதிக்க உரிமை உண்டா? வழியுரிமை இருந்தாலே குழாய் உரிமையும் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

• எத்தனை மனைக்கு? நாளைக்கு ஒரு மனை இரண்டாக உடைந்தால்?

• பராமரிப்புச் செலவு யாருக்கு, எந்த விகிதத்தில்? மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்? தோப்புக்காரரின் வாய்க்கால் பாதையைக் கடக்கும் இடத்தில் குழாய் யார் போடுவது?

• கேட் போடலாமா, வண்டி நிறுத்தலாமா? பல இடங்களில் இரண்டாவது சண்டை பார்க்கிங்கில்தான் ஆரம்பிக்கும்.

• இந்த உரிமை வாரிசுகளுக்கும், நாளை வாங்குபவருக்கும் உண்டா?

பிறகு பதிவு. 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி போட்டால் போதும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். அசையாச் சொத்தில் நிலையான உரிமையை உருவாக்கும் ஆவணத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவானால் வில்லங்கச் சான்றில் ஏறும். பத்து வருஷம் கழித்துத் தோப்பை வாங்குகிறவர், "எனக்குத் தெரியாதே" என்று சொல்ல முடியாது.

அரசு செய்ய வேண்டியது

தனிமனிதர்கள் ஜாக்கிரதையாக இருந்தால் மட்டும் போதாது. பாதையில்லாத துண்டுகள் பத்திர அலுவலகத்திலும் உட்பிரிவு செய்யும் மேஜையிலும்தான் பிறக்கின்றன. இரண்டு மாற்றங்கள் வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று, நிலத்தை உட்பிரிவு செய்யும்போதே ஒவ்வொரு துண்டுக்கும் வழி எது என்று வரைபடத்தில் கட்டாயம் காட்ட வேண்டும். வழி இல்லையென்றால் 'இதற்கு வழி இல்லை' என்றாவது சிவப்பில் எழுதட்டும். வாங்குகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு வாங்குவார். இரண்டு, பதிவான வழியுரிமைகள் பட்டாவிலும் புல வரைபடத்திலும் ஏற வேண்டும். நிலம் ஒரு துறையின் பதிவிலும், அதன் மேல் நடக்கும் உரிமை இன்னொரு துறையின் பழைய பத்திரக் கட்டிலும் இருப்பதால்தான் இடையில் புரோக்கர் புகுந்து விளையாட முடிகிறது.

சமரசத்துக்கும் ஓர் உள்ளூர் மேடை தேவை. இலங்கையில் 1988-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் இயங்குகின்றன. குறிப்பிட்ட வகைச் சிறு தகராறுகள் முதலில் அங்கே போய்விட்டுத்தான் நீதிமன்றம் வர வேண்டும். நம்மிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. நீதிமன்றத்தோடு இணைந்த இந்தியாவின் முதல் சமரச மையம் 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. அதே வசதி, வரைபடம் படிக்கத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற அளவையரோடு, மாதம் ஒருநாள் தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்தால் எத்தனையோ வேலிகள் தாமாக விழும்.

மனை பார்க்கப் போகும் முன்...

சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு ஊரில் மனை வாங்கப்போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒருதரம் நேரில் போங்கள். தார்ச்சாலையிலிருந்து மனை வரை நடந்து பாருங்கள், டேப் வைத்து அகலத்தை அளந்து பாருங்கள். நீங்கள் மிதிக்கும் ஒவ்வொரு அடி நிலமும் யார் பெயரில் என்று சர்வே எண்ணைப் போட்டு மொபைலில் தேடுங்கள். பிறகு, பாதையை ஒட்டியுள்ள தோட்டத்துக்காரரிடம் ஐந்து நிமிஷம் நின்று பேசுங்கள். "அண்ணாச்சி, இந்தப் பாதை யாருது?" என்று கேளுங்கள்.

புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார். அவர் முகம் சுளித்தால் மனையை விட்டுவிடலாம். சிரித்தபடி, "வாங்க தம்பி, பேசிக்கலாம்" என்றால் அன்றைக்கே பேசி, எழுதி, பதிவு செய்துவிடுங்கள். நாளைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்தப் பாதையில் ஆம்புலன்ஸ் வர வேண்டியிருந்தால், டார்ச் அடித்து வழிகாட்ட முதலில் ஓடிவரப் போகிறவர் அவர்தான்.